சொந்தமாகக் கட்டும் விமானம்: உங்கள் பறத்தலுக்கு எந்த வடிவமைப்பு பொருந்தும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானத்தைத் தாமே கட்டிப் பறக்க நினைப்பவருக்கு இன்று வடிவமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. 1920களின் இறுதியில் பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் ஃபோர்டு கார் என்ஜினைப் பொருத்திப் பறந்த ஏர் கேம்பர் விமானத்தை இன்றும் மரத்தில் இழைத்துக் கட்டுகிறார்கள். மறுபக்கம், துளைகள் எல்லாம் துல்லியமாகப் போட்டு வரும் அலுமினிய கிட்கள், அதாவது சேர்த்துக் கட்டத் தயாரான பாகத் தொகுப்புகள், இருக்கின்றன. இத்தனைக்கும் நடுவில் தனக்கு எது என்று திணறுபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும் கீழே.

எதை முதலில் முடிவு செய்வது? விமானத்தையா, என்ஜினையா, பட்ஜெட்டையா?

மூன்றும் இல்லை. எப்படிப் பறக்கப் போகிறீர்கள் என்பதைத்தான். ஒரு தாளை எடுத்து, போன வருடம் நீங்கள் உண்மையில் பறந்த பறத்தல்களை எழுதுங்கள். யார் உடன் வந்தார், எவ்வளவு தூரம், எந்த மாதிரி ஓடுதளம், காலையா மாலையா, எத்தனை மணி நேரம். சொந்த விமானம் வந்தால் இதில் என்ன மாறும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

பெரும்பாலானவர்களின் தாளில் ஒரே மாதிரி விஷயம்தான் தெரியவரும். தனியாகவோ இன்னொருவருடனோ, வானம் தெளிவாக இருக்கும் நாளில், ஒன்றிரண்டு மணி நேரம். ஆனால் விமானம் தேடும்போது மனம் போவது வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடிய அந்த நீண்ட பயணத்தை நோக்கி. நான்கு பேர், பெட்டி படுக்கை, மலை தாண்டி ஆயிரம் கிலோமீட்டர். அந்த ஒரு பயணத்துக்காகக் கட்டிய விமானத்தின் செலவையும் எடையையும் மற்ற எல்லா நாளும் சுமக்க வேண்டியிருக்கும். அடிக்கடி பறக்கும் விதத்துக்குக் கட்டுங்கள், அபூர்வமான பயணத்துக்கு வாடகை விமானம் எடுத்துக்கொள்ளலாம் என்பதே நான் எல்லோரிடமும் சொல்வது.

வேகமான விமானம் என்றால் எல்லா வகையிலும் நல்லதுதானே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு மணி 52 நிமிடம். மணிக்கு 260 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு மணி 9 நிமிடம். மிச்சமாவது 43 நிமிடம். விமானத்தை வெளியே தள்ளி, சோதித்து, எரிபொருள் நிரப்பி, இறங்கியபின் கட்டிப்போடும் நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான். 80 கிலோமீட்டர் சுற்றி வருபவருக்கு இந்த வேகத்தால் கிடைப்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மாதம் இருமுறை 800 கிலோமீட்டர் போகிறவருக்கோ அதுதான் எல்லாம்.

வேகத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அது பணம் மட்டும் அல்ல. வேகமாகப் போகும் இறக்கை பொதுவாகச் சிறிய இறக்கை. சிறிய இறக்கை வேகமாகத்தான் தரையிறங்கும்.

ஸ்டால் வேகத்தை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

ஸ்டால் என்பது வேகம் குறைந்து இறக்கை தூக்குசக்தியை இழப்பது. அது நடக்காமல் பறக்கக்கூடிய மிகக் குறைந்த வேகமே ஸ்டால் வேகம். என்ஜின் நின்றுபோனால் நீங்கள் தரையைத் தொடப்போவது கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் என்பதால். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 45 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வேகத்தில் தொடும் விமானத்தையும் 60 நாட் வேகத்தில் தொடும் அதே எடை விமானத்தையும் ஒப்பிட்டால், இரண்டாவதில் ஆற்றல் ஏறக்குறைய 1.8 மடங்கு. விளம்பரத் தாளில் உச்ச வேகம் கொட்டை எழுத்தில் இருக்கும், ஸ்டால் வேகம் பொடி எழுத்தில் இருக்கும். நான் முதலில் தேடுவது பொடி எழுத்தைத்தான்.

இதற்கு நல்ல உதாரணம், ரிச்சர்ட் வான்குரூன்ஸ்வனின் வான்ஸ் நிறுவனத்து ஆர்.வி.-7, ஆர்.வி.-9 இரண்டும். தூரத்தில் நின்று பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். இரண்டிலும் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். வித்தியாசம் இறக்கையில் இருக்கிறது. 7-ன் இறக்கை சுமார் 7.6 மீட்டர், 9-ன் இறக்கை சுமார் 8.5 மீட்டர், குறுக்குவெட்டு வடிவமும் வேறு. முழு எடையில், அதாவது அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடையில், 7-ன் ஸ்டால் வேகம் மணிக்கு ஏறத்தாழ 93 கி.மீ., 9-க்கு ஏறத்தாழ 80 கி.மீ. எண்ணில் சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஆற்றலில் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பயண வேகத்தில் 9 கொஞ்சம்தான் பின்தங்கும், அதுவும் சிறிய என்ஜினோடு. பதிலுக்கு 7 குட்டிக்கரணம் அடிக்கும், 9 அடிக்காது. அதற்கு அனுமதியே இல்லை. தலைகீழாகப் பறக்கும் ஆசை உங்களுக்கு உண்மையிலேயே உண்டா என்ற ஒரே கேள்வியில் இந்த இரண்டுக்கும் இடையிலான தேர்வு முடிந்துவிடுகிறது. ஆசை இல்லாமலே, "இருக்கட்டுமே" என்று 7-ஐ எடுப்பவர்கள் நிறையப் பேர்.

எனக்கு ஓடுதளம் குட்டை, புல்தரை. எதைப் பார்க்கலாம்?

கிரிஸ் ஹைன்ட்ஸ் 1980களில் வடிவமைத்த ஜெனித் சி.ஹெச். 701 இதற்காகவே பிறந்தது. தடித்த இறக்கை, அதன் முன்விளிம்பில் நிலையாகப் பொருத்திய ஸ்லாட் (மெதுவாகப் பறக்கும்போதும் தூக்குசக்தி குறையாமல் காக்கும் பட்டை), பெரிய சக்கரங்கள். மணிக்கு 50 கி.மீ.க்குப் பக்கத்தில்தான் ஸ்டால். கிட்ஃபாக்ஸ் போன்ற குழாய்ச் சட்டமும் துணியும் கொண்ட விமானங்களும் இந்த வேலைக்குக் கைகொடுக்கும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். 701-க்கும் ஆர்.வி.-7-க்கும் இறக்கைப் பரப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டுக்கும் 11 சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஆனால் 701-ன் முழு எடை சுமார் 500 கிலோ, ஆர்.வி.-7-க்குச் சுமார் 816 கிலோ. சதுர மீட்டருக்கு 44 கிலோ ஒன்று, 73 கிலோ இன்னொன்று. இதை இறக்கைச் சுமை என்கிறோம். சுமை குறைந்த இறக்கை குட்டையான இடத்தில் எழும்பும், மெதுவாக இறங்கும். ஆனால் வெயில் ஏறிய மதியத்தில், தரையிலிருந்து சூடான காற்று கிளம்பும் நேரத்தில், உங்களைக் குலுக்கி எடுத்துவிடும். மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் எதிர்காற்று 40 கி.மீ. என்றால் பயணம் நகராது. காலையிலும் மாலையிலும் அக்கம்பக்கத்தில் பறப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஊர்விட்டு ஊர் போகிறவருக்குப் பெரிய தொல்லை.

இன்னொன்று, ஓடுதளத்தின் நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள். உயரமான இடமோ, கடும் வெயிலோ என்றால் காற்றின் அடர்த்தி குறையும். இறக்கை, என்ஜின், புரொப்பெல்லர் மூன்றுமே ஒரே நேரத்தில் பலம் இழக்கும். வடிவமைப்பாளர் தரும் புறப்பாட்டுத் தூரம் பெரும்பாலும் கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், தேர்ந்த விமானி ஓட்டிய கணக்கு. ஈரப் புல்லும் உங்கள் கையும் அதில் சேர்ந்திருக்காது.

பார்க்க எதிர்காலத்து விமானம் போல இருக்கிறதே, அந்த லாங்-ஈஸி எப்படி?

பர்ட் ருட்டானின் அருமையான வடிவமைப்பு. முன்னால் சிறிய கனார்ட் இறக்கை, பின்னால் தள்ளும் புரொப்பெல்லர், சிறிய என்ஜினில் நெடுந்தூரம், குறைந்த எரிபொருள். முன்னிறக்கை முதலில் தூக்குசக்தியை இழந்து மூக்கு தானே தாழும்படி அமைத்திருப்பதால், முதன்மை இறக்கை ஸ்டால் ஆவது மிகவும் கடினம்.

ஆனால் அது நல்ல, நீளமான, தார் போட்ட ஓடுபாதைக்கான விமானம். ஃபிளாப் (இறங்கும்போது வேகத்தைக் குறைக்க உதவும் இறக்கை மடிப்பு) கிடையாது, இறங்கும் வேகம் அதிகம், முன்சக்கரம் சின்னது. அந்தச் சக்கரம் கிளப்பும் கல் நேராகப் பின்னால் இருக்கும் புரொப்பெல்லரில் போய் அடிக்கும். மழையில் பறந்தால் பழைய கனார்ட் இறக்கையின் தூக்குசக்தி குறைந்து மூக்கு தாழப் பார்க்கும். பின்னாளில் வேறு வடிவத்தில் வந்த கனார்ட் இதைச் சரிசெய்தது. ருட்டான் 1985-லேயே பிளான் (கட்டுவதற்கான வரைபடம்) விற்பதை நிறுத்திவிட்டார் என்பதும் நினைவிருக்கட்டும். உங்கள் தளம் புல்தரை என்றால் இதை ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டு இருக்கையா, நான்கா?

நான்கு இருக்கை என்றால் ஆர்.வி.-10 போல, 260 குதிரைத்திறன் லைகமிங் என்ஜின் கேட்கும் விமானம். கட்டும் வேலை, எரிபொருள், பராமரிப்பு, காப்பீடு எல்லாமே அடுத்த படிக்குப் போய்விடும். குழந்தைகளோடு அடிக்கடி பறக்கும் குடும்பத்துக்கு அது நியாயம். இல்லையென்றால் இரண்டே போதும். தனியாகத்தான் பறப்பீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால், பீட் போவர்ஸின் ஃபிளை பேபி மாதிரி ஒற்றை இருக்கை விமானத்தைத் தயங்காமல் பாருங்கள். மலிவாகவும் சீக்கிரமாகவும் முடிக்க அதைவிட நல்ல வழி குறைவு.

இரண்டு இருக்கை என்றாலே இரண்டு பேர் போகலாம் அல்லவா?

எப்போதும் இல்லை! கணக்கு இப்படி. முழு எடை 600 கிலோ, வெற்று எடை 360 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 240. எரிபொருள் 80 லிட்டர், லிட்டருக்கு 0.72 கிலோ என்றால் சுமார் 58 கிலோ. மிச்சம் 182. ஆளுக்கு 85 கிலோ என்று இருவர் ஏறினால் பைக்கு 12 கிலோ. இப்போது வெற்று எடை 390 கிலோ ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் பெயின்ட், தோல் உறை போட்ட இருக்கை, பெரிய திரை, ஆட்டோபைலட் எனச் சேர்த்தால் 30 கிலோ ஏறுவது சாதாரணம். பை கிடையாது, எரிபொருளிலும் 18 கிலோ, அதாவது 25 லிட்டர் குறைக்க வேண்டும். இருவருக்கான பயண விமானம் இப்படித்தான் ஒன்றரை ஆள் விமானம் ஆகிறது.

அதனால் நிறுவனம் சொல்லும் வெற்று எடையை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஏற்கெனவே கட்டி முடித்தவர்களின் எடைச் சீட்டைக் கேளுங்கள். நாலைந்து பேரிடம் வாங்கிப் பார்த்தால் உண்மை எடை தெரிந்துவிடும். அப்புறம், நீங்களும் உங்களோடு அடிக்கடி வருபவரும் ஒன்றாக அந்த காக்பிட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தோள் இடிக்கிறதா, தலை மேலே முட்டுகிறதா, ஸ்டிக்கை (விமானத்தை ஓட்டும் கைப்பிடியை) முழுசாக இழுத்தால் வயிற்றில் படுகிறதா என்பதை எந்தப் புகைப்படமும் காட்டாது.

என்ஜினை நானே தேர்ந்தெடுக்கலாமா? கார் என்ஜின் மலிவாகக் கிடைக்கிறதே.

வடிவமைப்பாளர் எந்த என்ஜினுக்காக விமானத்தை வரைந்தாரோ அதையே போடுங்கள். ரோட்டாக்ஸ் 912 ஏறத்தாழ 80 முதல் 100 குதிரைத்திறன் தரும், இலேசானது, ஈயமில்லாத பெட்ரோலில் ஓடும். லைகமிங் ஓ-320 தருவது 150, 160 குதிரைத்திறன். எடை அதைவிட ஏறக்குறைய இருமடங்கு, குடிப்பதும் அப்படியே. ஒன்றுக்காக வரைந்த மூக்கில் மற்றொன்றை வைத்தால் ஈர்ப்பு மையம் நகர்ந்துவிடும். ஈர்ப்பு மையம் எல்லை தாண்டிய விமானம் எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் ஆபத்தானது.

கார் என்ஜினை மாற்றிப் பொருத்துவதில் வெற்றி கண்டவர்கள் இருக்கிறார்கள். ஃபோக்ஸ்வாகன் என்ஜினை ஒட்டியே வரையப்பட்ட சொனெக்ஸ், கே.ஆர்.-2 போன்றவை இருக்கின்றன. அங்கே அது இயல்பானது. வேறு விமானத்தில் போட்டால், நீங்கள் கட்டப்போவது ஒன்றல்ல, இரண்டு திட்டங்கள்: ஒரு விமானம், ஒரு என்ஜின் ஆராய்ச்சி. பறக்கத்தான் ஆசை என்றால் இரண்டாவதை விட்டுவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஊற்ற நினைப்பவர்கள், அந்த விமானத்தின் தொட்டியும் குழாய்களும் அதைத் தாங்குமா என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மரமா, துணியா, அலுமினியமா, ஃபைபர் கிளாஸா?

எந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதோ அது. ஆயிரக்கணக்கான மணி நேரம் அதோடுதான் இருக்கப் போகிறீர்கள். அலுமினியம் என்றால் துளை, பிசிர் நீக்கல், ரிவெட், மறுபடி துளை. சத்தம் உண்டு, ஆனால் எந்த நிமிடத்திலும் நிறுத்திவிட்டு நாளைக்குத் தொடரலாம். ஃபைபர் கிளாஸில் எபாக்ஸி கலந்துவிட்டால் அது இறுகுவதற்குள் முடித்தாக வேண்டும். அதன்பின் தேய்க்கும் வேலை, தூசி, தோலில் ஒவ்வாமை. இந்த ஒவ்வாமை வந்துவிட்டால் திட்டத்தையே கைவிட வேண்டிவரும், எனவே முதல் நாளிலிருந்தே கையுறை. மரம் அமைதியான வேலை, மணமும் இனிது. ஈரத்திலிருந்து காப்பாற்றுவது மட்டும் வாழ்நாள் பொறுப்பு.

பல நிறுவனங்கள் சிறிய பயிற்சி கிட் விற்கின்றன. சுக்கானை மட்டும் தனியாக வாங்கிக் கட்டிப் பார்க்கும் வசதியும் சில இடங்களில் உண்டு. ஒரு மாதம் அதோடு இருந்து பாருங்கள், பதில் தானாகக் கிடைக்கும்.

பிளான் வாங்கி முழுவதும் நானே கட்டவா, கிட் வாங்கவா?

பிளான் மலிவு, நேரம் அதிகம். கிட் விலை கூட, நேரம் குறைவு. வேலை பார்த்துக்கொண்டே கட்டுபவருக்கு கிட்டுமே பல ஆண்டு வேலைதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பகுதி வேலையை, அதாவது 51 சதவீதத்தை, ஆர்வலர்களே செய்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. விரைவு கிட்கள் அந்த எல்லையை ஒட்டித்தான் தயாராகின்றன. உங்கள் நாட்டு விதியைப் பணம் கட்டுமுன் படித்துவிடுங்கள். கிட்டின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். என்ஜின், புரொப்பெல்லர், கருவிகள், பெயின்ட் சேரும்போதுதான் முழுத்தொகை தெரியும்.

நிறுவனத்தின் நிலைமையையும் பாருங்கள். 1970களில் பீட் பி.டி.-5 என்ற குட்டி விமானத்துக்கு ஆயிரக்கணக்கானோர் கிட் வாங்கினார்கள். பொருத்தமான என்ஜின் வராமல் திட்டம் சரிந்தது. பறந்தவை மிகச் சில. துறையில் முதலிடத்தில் இருக்கும் வான்ஸ்கூட 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போய், மறுசீரமைத்துக்கொண்டு தொடர்கிறது. முழுப்பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். பகுதி பகுதியாக வாங்கி, கையில் வந்ததைக் கட்டி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

வால்சக்கரமா, முன்சக்கரமா?

கரடுமுரடான தரைக்கு வால்சக்கரம் நல்லது, ஆனால் தனிப் பயிற்சி வேண்டும், பக்கக்காற்றில் காலுக்கு ஓய்வே கிடையாது. தார்ப் பாதையில் பறப்பவருக்கு முன்சக்கரமே போதும்.

விமானம் நிறுத்த இடம் குறைவு. இதுவும் ஒரு காரணமா?

கண்டிப்பாக. இறக்கை மடங்கும் கிட்ஃபாக்ஸ், ஃபிளை பேபி போன்றவை இதனாலேயே பலரின் கணக்கில் முதலிடம் பிடிக்கின்றன.

ஒரு வடிவமைப்பு பாதுகாப்பானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை பறக்கின்றன, எத்தனை ஆண்டுகளாக, விபத்துகள் ஏன் நடந்தன என்று படியுங்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை அறிக்கைகள் எவரும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. ஒரே வடிவமைப்பில் ஒரே மாதிரி விபத்து திரும்பத் திரும்ப வந்தால் அங்கே நின்று யோசிக்க வேண்டும். ஜெனித் சி.ஹெச். 601 எக்ஸ்.எல். விமானங்கள் சில வானிலேயே இறக்கை முறிந்து விழுந்தன. 2009-ல் அந்த வாரியம் அவற்றைத் தரையிறக்கி வைக்கச் சொன்னது. பிறகு இறக்கையை வலுப்படுத்தும் மாற்றங்களும் அய்லெரானுக்கு (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை விளிம்புப் பலகைக்கு) சமன் எடைகளும் வந்தன. பழைய 601 வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது அந்த மாற்றங்கள் செய்தாகிவிட்டதா என்பதைத்தான்.

பிளானில் சின்னச் சின்ன மாற்றம் செய்யலாம் அல்லவா?

இருக்கை உறையின் நிறத்தை மாற்றுங்கள். எரிபொருள், கட்டுப்பாடு, கட்டமைப்பு மூன்றையும் தொடாதீர்கள். 1997 அக்டோபரில் பாடகர் ஜான் டென்வர் லாங்-ஈஸியில் பறந்து கடலில் விழுந்து இறந்தார். அதைக் கட்டியவர், எரிபொருள் தொட்டியை மாற்றும் வால்வின் பிடியைப் பிளானில் இருந்த இடத்தில் வைக்காமல் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைத் தொட உடலைத் திருப்பியபோது கால் சுக்கான் மிதியை அழுத்தியிருக்கக்கூடும் என்பது விசாரணையின் முடிவு. கட்டியவருக்கு அந்த மாற்றத்துக்குக் காரணம் இருந்திருக்கும். விமானத்தை வாங்கியவருக்கு அது பழகாத காக்பிட்.

இது இன்னொருவர் கட்டியதை வாங்குபவர்களுக்கும் பொருந்தும். ஒரே பெயர் கொண்ட இரண்டு விமானங்கள் உள்ளே ஒன்றாக இருக்காது. அந்தக் குறிப்பிட்ட விமானத்தில் பயிற்சி எடுக்காமல் தனியாகக் கிளம்பக் கூடாது.

எல்லாம் பார்த்தும் இரண்டு வடிவமைப்புகளுக்கு நடுவில் முடிவு வரவில்லை. என்ன செய்ய?

இரண்டிலும் பறந்து பாருங்கள். கட்டி முடித்தவர்கள் பொதுவாகக் கேட்டால் ஏற்றிக்கொள்வார்கள். வேகமாகப் போய்க் காட்டச் சொல்லாதீர்கள். பாதுகாப்பான உயரத்தில் மெதுவாகப் பறக்கச் சொல்லுங்கள், ஸ்டால் எப்படி வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள், எச்சரிக்கை தருகிறதா, ஒரு பக்க இறக்கை விழுகிறதா என்று கவனியுங்கள். என்ஜினைக் குறைத்து எவ்வளவு தூரம் சறுக்குகிறது என்று பாருங்கள். இறங்கியபின் உரிமையாளரிடம் இரண்டு கேள்வி: கட்டும்போது எந்த இடத்தில் மாதக்கணக்கில் நின்றுபோனீர்கள், கடைசி ஐந்து பறத்தல்கள் எங்கே? இரண்டாவது பதிலை உங்கள் முதல் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எதற்கு முன்பணம் கட்டுவது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.